மைக்ரோசிப் இருப்பிடத்தைக் காட்டாது

அக்கா, மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் காணாமல் போன பூனையைப் பற்றிப் பேசும்போது, மைக்ரோசிப் (அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் சிறு சிப்) போட்டிருந்தால் அது எங்கே இருக்கிறது என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம் என எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், பலரும் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். ஆனால் சிப் அப்படி வேலை செய்வதில்லை.

அது ஓர் அரிசி மணி அளவுதான். உள்ளே பேட்டரியும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. ஸ்கேனரைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுவந்தால் அந்த ஸ்கேனரின் அலையிலிருந்தே சிப் சக்தி எடுத்துக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்லும், பெரும்பாலும் 15 இலக்கம். அவ்வளவுதான். அந்த எண்ணைப் பதிவு செய்த இடத்தில் தேடினால்தான் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் கிடைக்கும். நம்பர் மாறியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் கிடைக்காது (நானே இரண்டு வருடம் அப்படி விட்டிருக்கிறேன்!).

கைப்பேசியை வைத்துத் தேய்த்தாலும் பயனில்லை. சிப் பொதுவாக 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும், கைப்பேசியின் என்எஃப்சி (நெருக்கத்தில் வைத்துப் படிக்கும் வசதி) 13.56 மெகாஹெர்ட்ஸில். அதனால் ஒன்று பேசுவது மற்றதுக்குக் கேட்காது.

என் பேச்சை நம்ப வேண்டாம். சிப் போட்ட பூனையோ நாயோ இருந்தால் அடுத்த முறை ஊசி போடப் போகும்போது ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே ஸ்கேனரை நகர்த்துவார்கள், 'பீப்' என்றதும் திரையில் வெறும் எண் வரும். அப்புறம் அதே ஸ்கேனரை இரண்டு முழம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒன்றும் வராது.