இரண்டு சீசனை வைத்து ஒரு மனிதரை எழுதுவதா?

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியரைப் பற்றிக் குழுவில் வந்த பதிவை நேற்றே படித்திருப்பீர்கள். வாஷிங்டன் தொழில்முறை அணியில் 12 வெற்றி, 20 தோல்வி. ஆகவே அவர் தோற்றுப்போன பயிற்சியாளராம். அதற்கு எத்தனை பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்! படித்ததும் வயிறு எரிந்தது.

2002, 2003. இரண்டே சீசன். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன செய்தார் என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லையா? 1962க்குப் பிறகு லீக் பட்டமே காணாத டியூக் பல்கலைக்கழக அணி, 1989இல் அவர் பயிற்சியில் அதை வர்ஜீனியாவோடு பகிர்ந்துகொண்டது. பிறகு, மாணவராகத் தான் ஆடிய புளோரிடா பல்கலைக்கழகத்துக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். 12 சீசனில் 122 வெற்றி, 27 தோல்வி, ஒரு சமன். 1996 சீசனில் தேசியப் பட்டம். பட்டத்தை முடிவுசெய்த சுகர் பவுல் ஆட்டத்தில் புளோரிடா ஸ்டேட்டை 52-20 என்று துவைத்தெடுத்தார்கள்.

ஆடிய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் ஆபர்ன் அணியுடன் 27-27. ஆட்டம் முடியப்போகிறது. வழக்கமாக உதைப்பவரை நிறுத்திவிட்டு, குவார்ட்டர்பேக்கான, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரான ஸ்பரியர் தானே 40 யார்டு தூரத்திலிருந்து உதைத்து மூன்று புள்ளி எடுத்தார். 30-27. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் அந்த ஆண்டு அவருக்குத்தான். அதே மனிதர் 1976இல் ஆடிய டாம்பா பே தொழில்முறை அணி, 14 ஆட்டங்களில் 14லும் தோற்றது. தோல்வியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"கல்லூரி ஆட்டம் வேறு, தொழில்முறை ஆட்டம் வேறு" என்பீர்கள். வேறுதான். அதனால்தான் கல்லூரிப் பயிற்சியாளரைக் கல்லூரியில் வைத்து எடைபோடுங்கள் என்கிறேன். "2015இல் சவுத் கரோலினா பல்கலைக்கழக அணியைப் பாதி சீசனில் விட்டுப் போனாரே?" போனார். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அதே அணி 2011, 2012, 2013 மூன்றிலும் தலா 11 ஆட்டம் ஜெயித்ததே, அது யார் காலத்தில்?

என் அப்பாவும் கல்லூரி அணிக்கு ஆடிவிட்டு உடற்கல்வி ஆசிரியரானவர். நம் ஊர்க் கால்பந்து. சுண்ணாம்புத் தூளைத் தூவி மைதானக் கோடுகளைத் தானே போடுவார். அவர் பயிற்சி கொடுத்த பையன்கள் மாவட்டக் கோப்பையும் வாங்கியிருக்கிறார்கள், முதல் சுற்றிலேயே தோற்றும் வந்திருக்கிறார்கள். பணி நிறைவு விழாவில் ஒரு பேச்சாளர் அந்த முதல் சுற்றுத் தோல்வியை மட்டும் வேடிக்கையாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. போர்த்திய சால்வையைக் கழற்றி மடித்துக்கொண்டே அப்பா உட்கார்ந்திருந்தார். கோப்பையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"யாரோ ஓர் அமெரிக்கருக்காக ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்பவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

சிறந்தவர்களைக் கௌரவிக்கும் கல்லூரிக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் ஸ்பரியரை ஆட்டக்காரராக 1986இலும் பயிற்சியாளராக 2017இலும் சேர்த்துக்கொண்டது. பதிவு போட்டவர் இதையும் சேர்த்துத் திருத்தி எழுதட்டும். அதுவரை அங்கே வந்து நான் யாருக்கும் பதில் சொல்லப்போவதில்லை.