தாத்தாவுக்குப் பேரன் ஜாடை

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967-இல் திறந்த கடற்கொள்ளையர் படகுச் சவாரியிலிருந்துதான் 2003-இல் ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ படமே பிறந்தது. சரி. அப்புறம் 2006-இல் அந்தப் படத்து நாயகனையே பொம்மையாக்கிச் சவாரிக்குள் நட்டுவைத்தார்கள். தாத்தாவுக்குப் பேரன் ஜாடையாம்!

அந்தச் சவாரியில் பெண்களை ஏலம் விடும் காட்சியை 2018-இல் மாற்றியது நியாயம், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் ‘இன்றைய ரசிகர்களுக்காக’ என்று எந்தப் பூங்காவில் எதைத் தொட்டாலும் அது ஏன் திரையிலேயே போய் முடிகிறது? கண்ணெதிரே கையை ஆட்டிய இயந்திர பொம்மை போச்சு, வீடியோ வந்தாச்சு. முன்னால் திரை, பக்கத்தில் திரை, வரிசையில் நிற்கும்போதும் திரை. இதில் முப்பரிமாணக் கண்ணாடி வேறு! ஏற்கெனவே கண்ணாடி போட்டவன் இன்னொரு மூக்குக்கு எங்கே போவான்? திரையைப் பார்க்க வீட்டு சோபா போதாதா? அங்கே வரிசைகூட இல்லையே.