மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்

பாவித்த டிராக்டர் வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரில் 5000 மணித்தியாலம் தாண்டிய டிராக்டரைத் தொடவே வேண்டாம் என்கிறது அது. மலைநாட்டில் வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு செய்கிற எங்களில் எத்தனை பேரிடம் புதியது வாங்கக் காசு இருக்கிறது? மெசி பெர்குசன் 240 போன்ற பழைய வண்டிகளில் மீட்டர் கேபிளில்தான் ஓடுகிறது. கேபிள் அறுந்தால் கணக்கும் அங்கேயே நின்றுவிடும். கிளட்ச் பெடல் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அது பொய் சொல்லாது.

விடியற்காலையில் போங்கள். பொனட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். நம் மலைக்குளிரில் சூடேற்றாத எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற விதத்திலேயே சிலிண்டருக்குள் கம்ப்ரஷன், அதாவது காற்றழுத்தம், எப்படி என்று தெரிந்துவிடும். அப்புறம் ஓடவிட்டு ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் சிலிண்டருக்குள் தேய்ந்த ரிங், லைனர் மாற்றுகிற வேலை இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினைச் செய்யத் தெரிந்த பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இங்கே இருக்கிறார்கள். செலவைக் கழித்து விலை பேசலாம்.

எனக்குப் பயம் கியரும் பிரேக்கும்தான். லீக்ஸ் ஏற்றிய டிரெய்லரோடு பள்ளம் இறங்கும்போது கியர் நழுவினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டி, வெறும் வண்டியைச் சிறிய சரிவில் மெதுவாக இறக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் கவனம். ஓட்டிப் பார்க்க விற்பவர் விடவில்லையா, வாங்காமல் வந்துவிடுங்கள்.