ஷப்தால் தெரு வீடு யாருடையது?

பாரிஸின் ஷப்தால் தெருவில் உள்ள ரொமான்டிக் வாழ்க்கை அருங்காட்சியகம், எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் வாழ்ந்த வீடு என்று சிலர் சொல்கிறார்கள். சாண்ட் அங்கே விருந்தாளியாக வந்துபோனவர், குடியிருந்தவர் அல்ல. 1830 முதல் அங்கே வாழ்ந்தவர் ஓவியர் ஆரி ஷெஃபர். இசைக்கலைஞர்கள் ஷோப்பன், லிஸ்ட், ஓவியர் டெலக்ருவா எல்லாம் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியது அவர் கூடத்தில்தான். பின்னாளில் வீட்டைக் கட்டிக்காத்ததும் அவர் குடும்பமே.

குழப்பம் இயல்புதான். சாண்டின் நகைகள், அவரது வலக்கை வார்ப்பு, ஷோப்பனின் இடக்கை வார்ப்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. சாண்டின் பொருள்கள் பலவும் அவர் பேத்தி ஒரோர் 1923இல் பாரிஸ் நகரத்துக்குக் கொடுத்தவை.

சரிபார்ப்பது எளிது: பாரிஸ் நகர அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பில் ஒரு பொருளைத் திறந்து, யாரிடமிருந்து வந்தது என்ற வரியைப் பாருங்கள். சாண்டின் சொந்த வீடு நோஆன் என்ற பிரெஞ்சு ஊரில் இருக்கிறது, அதுவும் அருங்காட்சியகம்தான்.