வருகிறேன் என்று சொல்லிவிட்டு

போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து போன். "சார், எங்க பிள்ளைங்க நாற்பது பேர் ஒருநாள் முழுக்க உங்க தாத்தா பாட்டிங்களோட இருக்கணும்னு ஆசைப்படுறாங்க." வேண்டாம் என்றேன். "நல்லது செய்ய வந்தா இப்படியா?" என்று வைத்துவிட்டார். அவரிடம் சொல்ல வாய்க்காததை இங்கே எழுதிவிடுகிறேன்.

கேரள எல்லையோரம் செங்கோட்டை, பிரானூர், புளியரை பக்கம் தள்ளாத வயதில் தனியாக இருப்பவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருநாள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். அவ்வளவுதான் எங்கள் வேலை. பிள்ளைகள் புனலூரிலோ கொல்லத்திலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். பணம் வரும், ஆள் வருவதில்லை. ஆரம்பத்தில் வாசலில் நின்றால் முதல் கேள்வி, "எந்தக் கட்சி?" அடுத்தது, "எந்தச் சபை?" இரண்டும் இல்லை என்றால் சந்தேகம் இன்னும் கூடும்!

முதல் வருஷம் எனக்கு விழுந்தது ஒரு ரயில்வே தாத்தா. மீட்டர் கேஜ் காலத்தில் மலைப்பாதையில் தண்டவாளம் பராமரிக்கும் கேங் வேலை பார்த்தவர். பதின்மூணு வளைவு உள்ள பதின்மூணு கண்ணறைப் பாலத்தை ஒவ்வொரு கண்ணாகச் சொல்லுவார். அகல ரயில் பாதையாக்கி 2018-ல் வண்டி திரும்ப ஓடியபோது, சத்தம் பழைய மாதிரி இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். செவ்வாய் மாலை நான்கு மணிக்குப் போவேன். ஒரு சீசன் நேரம், வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள், அருவிக்குக் கூட்டிப்போனேன். தாத்தாவுக்கு ஒரு போன் போடவில்லை. மறுவாரம் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, விளக்கு வைக்கும்வரை திண்ணையிலேயே இருந்தாராம். என்னிடம் அவர், "வேலை இருந்திருக்கும் யய்யா" என்றதோடு சரி. ஆனால் அன்றிலிருந்து நான் கிளம்பும்போதெல்லாம், "அடுத்த வாரம் வருவியா?" என்று கேட்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் ஒருநாளும் கேட்டதில்லை.

நாற்பது பேர் ஒருநாள் வந்து பாட்டுப் பாடி, கேக் வெட்டி, போட்டோ எடுத்துப் போனால் மறுநாள் நாற்பது திண்ணைகளில் அந்தக் கேள்விதான் மிஞ்சும். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண, பாலியேட்டிவ் (தீராத நோயில் இருப்பவர்களைப் பராமரிக்கும்) சங்கத்திலிருந்து இந்த வேலை வளர்ந்து, மலப்புரம் பக்கம் ஊர்க்காரர்களே நடத்தும் வலைப்பின்னலாகப் பரவியது. தன்னார்வலரிடம் அவர்கள் கேட்டது வாரம் 2 மணி நேரம். ஆனால் ஒவ்வொரு வாரமும். முதலில் பயிற்சி, அப்புறம்தான் வீடு. கேரள அரசு 2008-ல் இதற்கென்று கொள்கையே கொண்டுவந்தது. நம் பக்கம் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையையும் பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது, நல்ல காரியம். ஆனால் அடுத்த வீடு காத்திருக்கும்போது மாத்திரை கொண்டுவரும் தங்கச்சியால் பாலத்துக் கதை கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்பதில்தான் எனக்கு மண்டை காயும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் இல்லை, முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. பிரானூரில் இன்னமும் பார்டர் புரோட்டா என்கிறோமே, அந்த பார்டர் அன்றைக்கே போய்விட்டது, பெயர்தான் புரோட்டாவோடு ஒட்டிக்கொண்டது. அன்று பள்ளிக்கூடம் போனவர்களில் மலையாளம் படித்தவர்கள் உண்டு. அப்படி ஓர் ஆச்சி யார் போனாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பேச்சு வராதவர் என்றே எழுதி வைத்திருந்தோம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் பேப்பரோடு போனாள். கண் தெரியாத ஆச்சி அவள் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கி ஒரு மணி நேரம் விடவில்லை. இப்போது அங்கே டீச்சர் ஆச்சிதான்.

பயிற்சியில் நான் சொல்வதெல்லாம் சின்ன விஷயங்கள். காது கேட்காதவரிடம் கத்தாதே, முகத்தில் வெளிச்சம் விழ எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசு. விழுந்துவிட்டால் இழுத்துத் தூக்காதே, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடு. புரையேறுகிறவருக்கு நீயாக எதுவும் ஊட்டாதே. ஏடிஎம் கார்டைத் தொடாதே, அவரே கெஞ்சினாலும். பழம் வாங்கிப் போகாதே, பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குத் திருப்பித் தர ஒன்றுமில்லையே என்ற கூச்சம். ஆனால் அவர்கள் தரும் காப்பியை, ஆறிப்போயிருந்தாலும், குடி. வர முடியாவிட்டால் முந்தின நாளே போன். இதில் இரண்டு முறை தவறினால் நான் ஆளை மாற்றிவிடுவேன். கறார்தான். திண்ணையில் காத்திருப்பது நானில்லையே.

அந்தக் கல்லூரிக்காரருக்கு: நாற்பது பேர் வேண்டாம், மூன்று பேர் அனுப்புங்கள். விடுதிப் பிள்ளைகள் வேண்டாம், லீவு விட்டால் ஊருக்குப் போய்விடுவார்கள். புளியரையில் ஒரு தாத்தாவுக்கு வியாழன் சாயங்காலம் ஆள் இல்லை. ஆடு புலி ஆட்டம் தெரிந்தவராக இருந்தால் நல்லது. தோற்கவும் தெரிந்திருக்கணும், அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.