கால் மில்லிக்கு ஒரு தனி மைக்காம்!

ஆர்எக்ஸ் 100 இன்ஜினை வீட்லயே பிரிச்சுப் போட்டவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். போர், அதாவது சிலிண்டரோட உள்விட்டம், சரியா 50 மிமீ. பிஸ்டனைத் துல்லியமா அளக்கற மைக்ரோமீட்டர், சுருக்கமா மைக், எந்த சைஸ்ல வருது? 0-25, 25-50, 50-75. பழைய பிஸ்டனை 25-50 மைக்ல அளந்துடலாம். தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கி (போரிங்), 0.25 மிமீ பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் மாத்தினீங்க, முடிஞ்சுது. முழுசாத் திறந்தாலும் உள்ள போகாது. கால் மில்லிக்காக இன்னொரு மைக் வாங்கு! பழைய 350 புல்லட்காரங்க குடுத்து வெச்சவங்க. 70 மிமீ போர், ஒரு மில்லி ஓவர்சைஸ் போட்டாலும் அதே மைக்.

தலையெழுத்துன்னு பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில 50-75 வாங்கினேன். வீட்ல வந்து டப்பாவைத் திறந்தா, ஸ்பாஞ்சுல நீளமா ஒரு பள்ளம். அதுல ஒண்ணுமே இல்ல. 50 மிமீ செட்டிங் ராடு இருக்க வேண்டிய இடம்! 0-25 மைக்னா ரெண்டு முனையையும் ஒட்ட வெச்சு ஸீரோ பாத்துடலாம். இதுல நடுவுல 50 மிமீக்கு வெறும் காத்து. எதை வெச்சு ஸீரோ பாக்கறது, என் சுண்டுவிரலையா?

திரும்ப ஓடினேன்.

"அண்ணே, உள்ள ராடு இல்ல."

"அது தனியா வரும் சார்."

"அப்ப இந்தப் பள்ளம் எதுக்குண்ணே?"

"அது டப்பா டிசைன் சார்."

டிசைனாம்! ராடு அளவுக்கே குழி வெட்டி, ரெண்டு பக்கமும் விரல் விட்டு எடுக்க வளைவு குடுத்து, சும்மா அழகுக்கு!

"சரி, ஸீரோ எப்படிப் பாக்கறது?"

"ஃபேக்டரிலயே செட் பண்ணித்தான் வருது. நீங்க ஏன் சார் அதைத் தொடறீங்க?"

சொல்லிட்டு டப்பாவுக்குள்ள இருந்த சான்றிதழைத் தட்டிக் காட்டுறாரு. 20 டிகிரியில சோதிச்சதாம். சீரியல் நம்பர் எழுத வேண்டிய கட்டம் காலி, முத்திரை மட்டும் ஜம்முனு இருக்கு. சென்னையில 20 டிகிரி வேணும்னா மார்கழி விடியக்காலை வரைக்கும் காத்திருந்து அளக்கணும் போல.

பக்கத்துல நின்ன ஒரு புண்ணியவான் வேற, "டிஜிட்டல் வெர்னியர் வாங்குங்க சார், தானா காட்டும்." காட்டும்யா, 0.01 வரைக்கும் காட்டும். ஆனா நல்ல வெர்னியரே 0.02 இப்படியும் அப்படியும் போகும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விடற கேப்பே மில்லியில நூத்துல நாலஞ்சு பங்குதான். அதை நம்பி இன்ஜினை மாட்டினா, பிஸ்டன் சிலிண்டர்ல இறுகி நின்னு பின்சக்கரம் லாக் ஆகும்போது உங்களைக் கூப்பிடட்டுமா?

இதுல கொடுமை, சிலிண்டர் உள்பக்கத்தை அளக்கக் காசைக் கொட்டி வாங்கின போர் கேஜும் இப்ப ஷோகேஸ்லதான். அது தானா அளவு சொல்லாது. மைக்ல வெச்சு செட் பண்ணினாத்தான் முள்ளு எவ்வளவு கூட, எவ்வளவு கம்மின்னு காட்டும். படிக்கல் இல்லாம ரெண்டு தராசு வாங்கி வெச்சிருக்கேன்.

ராடை ஆன்லைன்ல போட்டேன். மைக் விலையில பாதி. இன்னைக்கு வரணும். காலைலேர்ந்து வாசப்படியிலேயே உக்காந்திருக்கேன், கேட்டைக்கூடத் திறந்து வெச்சிருக்கேன். இப்ப மெசேஜ் வருது: "டெலிவரி செய்ய முயன்றோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை."

டேய், தெருவுல ஒரு நாய்கூடப் போகலையேடா!