கறிவேப்பிலைக் கன்றுக்கு அண்டா எதற்கு?

கறிவேப்பிலைக் கன்றை ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் நட்டுவிட்டால் பிறகு மாற்றும் வேலை மிச்சம் என்கிறது தொட்டிச்செடி வளர்ப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சிங்கப்பூரின் ஈரக்காற்றுக்கு அது சரிப்பட்டு வராது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, கறிவேப்பிலைக் கன்று அடியிலிருந்தே அழுகத் தொடங்கும். செடியை மண்ணோடு மெல்லக் கவிழ்த்துப் பாருங்கள். வெள்ளை வேர்கள் மண்ணைச் சுற்றி வளையமிட்டிருந்தால் மாற்றவேண்டிய நேரம். அப்போதும் விட்டம் இரண்டு அங்குலம் கூடிய தொட்டியே போதும். மெருகிடாத மண்தொட்டி இன்னும் நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் உலரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடைபாதைக்கு 1.2 மீட்டர் விடவேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அப்புறம், வடியும் நீரைப் பிடிக்கத் தொட்டிக்கு அடியில் வைக்கும் அந்தத் தட்டு! எனக்கு அது ஆகவே ஆகாது. தேங்கிய நீரில் முட்டையிட்டு டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டுவானேன்?